கோழி தின்னாத மாமாவுக்கு வந்த கிருமி

பல்லடம் பக்கம் பிராய்லர் பண்ணை வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் பிராய்லர் கோழி சாப்பிடுவதில்லை. அந்தப் பக்கம் உறவு வைத்திருக்கிற எவருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஷெட்டில் ஐயாயிரம் கோழி நிற்கும். விருந்தாளி வந்தால் தோட்டத்தில் மேய்கிற சேவலைத்தான் துரத்திப் பிடிப்பார்கள். என் தாய்மாமாவும் அந்த ரகம். ரொம்ப வருஷமாகக் கம்பெனிக்காரர்களிடம் குஞ்சு வாங்கி வளர்த்துக் கொடுக்கிறார். "அது யாவாரத்துக்கு, இது வவுத்துக்கு" என்பார்.

அவருக்குச் சிறுநீர்த் தொற்று வந்தது. மாத்திரை சாப்பிட்டால் அடங்கும், நிறுத்தினால் திரும்ப வரும். சர்க்கரைக்காரர் வேறு. டாக்டர் கல்ச்சர் பார்க்கச் சொன்னதும், நான் வேலை பார்க்கிற ஆய்வகத்துக்கே சாம்பிளைக் கொண்டுவரச் சொன்னேன். வைக்கோல் நிற அகார் தட்டில் கிருமியைப் பஞ்சுக் குச்சியால் சீராகத் தடவி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னக் காகிதப் பொட்டுகளை வைத்து, ராத்திரி முழுக்க உடம்புச் சூட்டில் விட்டுவிடுவோம். மருந்துக்குக் கிருமி பணிந்தால் பொட்டைச் சுற்றி ஒன்றும் முளைக்காமல் தெளிவாக ஒரு வட்டம் விழும். அதை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் அன்றாட வேலை. மாமாவின் தட்டில் சிப்ரோஃப்ளாக்சசின் பொட்டின் விளிம்பு வரைக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா படர்ந்திருந்தது. செஃப்ட்ரையாக்சோன் பொட்டும் அப்படியே. கோ-ட்ரைமாக்சசோலும் அப்படியே. நைட்ரோஃபுரான்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் மெரோபெனமும் வேலை செய்தன. சத்தியமாக இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இந்த மாதிரித் தட்டு எங்கள் மேஜைக்குத் தினமும் வருகிறது. கோழி ஷெட் பக்கமே போகாதவர்களின் பெயரிலும் வருகிறது.

ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டியபோது பேச்சுவாக்கில், "பண்ணையில ஆன்டிபயாட்டிக் கலக்கறதாலயும் இந்த மாதிரிக் கிருமி வரும்னு சொல்றாங்க மாமா" என்றேன். அவர் உடனே கேட்டார்: "ஏனம்மிணி, நாந்தான் அந்தக் கோழியவே திங்கறதில்லியே. எனக்கெப்புடி வரும்?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே சந்தேகம். எனக்கு அந்த இடத்தில் கோர்வையாகப் பதில் வரவில்லை. அதற்குப் பிறகு எங்கே கோழிப் பேச்சு வந்தாலும் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

தட்டில் இருக்கும் பயம்

நம் ஊரில் பிராய்லர் என்றாலே ஒரு பயம் உண்டு. ஊசி போட்டு வளர்க்கிறார்கள், ஹார்மோன் கலக்கிறார்கள், பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயசுக்கு வருகிறார்கள், இப்படி வாட்ஸப்பில் சுற்றாத வருஷம் கிடையாது. ஐயாயிரம் கோழியை ஒவ்வொன்றாகப் பிடித்து ஹார்மோன் ஊசி போட்டால் கூலிக்கே கட்டுப்படியாகாது என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. கோழி நாற்பது சொச்சம் நாளில் இரண்டு கிலோவைத் தாண்டுவதற்குக் காரணம் பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த இனவிருத்தியும் தீவனமும்தான்.

சரி, ஹார்மோனை விடுவோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அடுத்ததாகச் சொல்வது "கறியில் ஆன்டிபயாட்டிக் தங்கிவிடுகிறது" என்பது. இது நிஜமான பிரச்சினைதான். மருந்து கொடுத்து இத்தனை நாள் கழித்துத்தான் கோழியை வெட்ட வேண்டும் என்று ஒவ்வொரு மருந்துக்கும் கணக்கு இருக்கிறது. அதை மீறினால் கறியில் எச்சம் இருக்கும். ஆனால் மருந்தின் எச்சம் வேறு, மருந்துக்கு மசியாத கிருமி வேறு. கறியில் ஒரு துளி மருந்துகூட மிச்சமில்லாத கோழியின் குடலில் கோடிக்கணக்கில் மசியாத கிருமி இருக்கலாம். குழம்பு கொதித்தால் கிருமி சாகும். அதுவரைக்கும் அது அறுக்கிறவரின் கையிலும், அரிவாள்மனையிலும், கழுவிய தண்ணீர் ஓடுகிற சாக்கடையிலும் இருக்கிறது. பண்ணையில் அது எருவில், தண்ணீரில், தூசியில், ஈயின் காலில் இருக்கிறது.

நம் பயம் முழுக்கத் தட்டில் போய் உட்கார்ந்துகொண்டதால் பரிகாரத்தையும் தட்டிலேயே தேடுகிறோம். நாட்டுக்கோழிக்கு மாறு, கிலோவுக்குக் கூடக் கொடுத்து 'ஆன்டிபயாட்டிக் இல்லாத கோழி' என்று அச்சடித்த பாக்கெட்டை வாங்கு, முடிந்தது கதை. மாமா அந்தப் பரிகாரத்தை எங்களுக்கெல்லாம் முன்பே செய்துவிட்டவர். வாயில் போடுவதில்லை. கையைத் தினமும் அதற்குள்தான் விடுகிறார்.

பாஸ்டன் அருகே ஒரு பண்ணை

கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது, அது நான் பிறப்பதற்கு முன்பே கேட்டு முடித்த கேள்வி என்று தெரிந்தது. அமெரிக்காவில் பாஸ்டனுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஸ்டூவர்ட் லெவி என்ற மருத்துவ ஆய்வாளர் 1970களின் நடுவில் ஒரு சோதனை செய்தார். வேடிக்கை என்னவென்றால், அதற்குப் பணம் கொடுத்தது கால்நடை மருந்து தயாரிப்பாளர்களின் சங்கம். தீவனத்தில் மருந்து கலப்பதால் மனிதர்களுக்கு ஒன்றும் வராது என்று நிரூபணமானால் நல்லது என்பது அவர்கள் எண்ணம்.

அதுவரை ஆன்டிபயாட்டிக் வாடையே படாத குடும்பப் பண்ணை அது. 300 குஞ்சுகள் வாங்கிப் பாதிக்குச் சாதாரணத் தீவனம், பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை ஆன்டிபயாட்டிக்கான ஆக்ஸிடெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்தார்கள். நோய்க்காகக் கொடுக்கவில்லை; எடை ஏறுவதற்காக அந்தக் காலத்தில் ஊரெல்லாம் கலந்த சிறு அளவுதான் இது. ஒரே வாரத்தில் மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் குடலில் இருந்த கிருமிகள் கிட்டத்தட்ட முழுவதும் டெட்ராசைக்ளினுக்கு மசியாதவையாக மாறிவிட்டன. அதோடு நிற்கவில்லை. சில மாதங்களில் அந்தக் கிருமிகள் ஆம்பிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின், சல்ஃபா என்று அந்தக் கோழிகள் கண்ணால்கூடப் பார்க்காத மருந்துகளுக்கும் அடங்காமல் போயின.

இந்த இடத்தில்தான் எனக்கு நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. பண்ணையில் குடியிருந்த குடும்பத்தாரின் மலத்தையும் அக்கம்பக்கத்தாரின் மலத்தையும் வாரா வாரம் சோதித்து வந்தார்கள். ஐந்தாறு மாதத்தில், பண்ணைக் குடும்பத்து மாதிரிகளில் 31.3 விழுக்காட்டில், குடல் கிருமிகளில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் டெட்ராசைக்ளினுக்கு மசியாதவையாக இருந்தன. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அது 6.8 விழுக்காடுதான். அந்த வீட்டில் யாரும் டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிடவில்லை. மருந்து கோழியின் வாய்க்குப் போனது. பலன் வீட்டுப் பிள்ளைகளின் வயிற்றில் தெரிந்தது. தீவனத்தில் மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, சோதித்த 10 பேரில் 8 பேரிடம் அந்தக் கிருமிகள் தென்படவில்லை.

1976இல் இது வெளியானது. அடுத்த ஆண்டே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, தீவனத்தில் பென்சிலினும் டெட்ராசைக்ளினும் கலப்பதற்கான அனுமதியைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. நாடாளுமன்றம் இன்னும் ஆராய்ச்சி வேண்டும் என்றது. அறிவிப்பு கிடப்பிலேயே கிடந்து, 2011இல் அதையே வாபஸ் வாங்கினார்கள். எடை ஏற்றுவதற்கென்று மருந்து கலப்பது அங்கே நின்றது 2017இல்தான். சோதனை நடந்த நாட்களில் பிறந்த குழந்தைக்கு அப்போது நாற்பது வயது ஆகியிருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2006லேயே நிறுத்திவிட்டது. நம் ஊரில் எதற்கெடுத்தாலும் 'வெளிநாட்டில் இப்படி விடுவார்களா' என்று ஒரு பேச்சு வரும். நாற்பது வருஷம் விட்டிருக்கிறார்கள்.

கடைசி மருந்தும் தண்ணீர்த் தொட்டியும்

மாமா மருந்து கலக்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். சூப்பர்வைசர் வந்து பார்த்து, கோழி கொஞ்சம் சுணக்கமாக இருக்கிறது, எச்சம் சரியில்லை என்பார். பாக்கெட் கொடுத்துவிட்டுப் போவார். மாமா அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பார். வாளித் தண்ணீரில் கொட்டி வேப்பங்குச்சியால் கலக்கி, ஏணி ஏறி மேல்தொட்டியில் ஊற்றுவார். அங்கிருந்து குழாய் வழியாக ஷெட் முழுக்கப் போகும். எந்தக் கோழிக்கு நோய், எதற்கு இல்லை என்ற பேச்சே கிடையாது. ஒன்று தும்மினால் ஐயாயிரமும் குடிக்கும். கோழிகளுக்குக் கொடுக்கிற மருந்துகளில் என்ரோஃப்ளாக்சசின் ரொம்பப் பிரபலம். அது உடம்புக்குள் போனதும் ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினாகவே மாறுகிறது. ஆமாம், மாமாவின் தட்டில் வட்டமே விழாத அதே மருந்து. அமெரிக்கா 2005இல் கோழிகளுக்கு அதைத் தடை செய்தது.

கொலிஸ்டின் கதை இன்னும் மோசம். 1950 வாக்கில் ஜப்பானில் மண் பாக்டீரியா ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த பழைய மருந்து இது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனித மருத்துவம் 1970களில் ஒதுக்கி வைத்தது. வேறு எதற்கும் மசியாத கிருமிகள் பெருகியதும், தீவிர சிகிச்சைப் பிரிவில் கடைசி ஆயுதமாகத் திரும்ப எடுத்தார்கள். நடுவில் அது சும்மா இருக்கவில்லை, கால்நடைத் தீவனத்துக்குப் போய்விட்டது. எங்கள் காகிதப் பொட்டு முறையில் கொலிஸ்டினைச் சோதிக்க முடியாது. மருந்து அகாரில் சரியாகப் பரவாது, வட்டம் பொய் சொல்லும். தனியாகத் திரவத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனை கேட்டு வருகிற சீட்டு பெரும்பாலும் ஐசியுவிலிருந்துதான் வரும், கையோடு யாராவது ஓடி வருவார்கள்.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள் எம்சிஆர்-1 என்ற மரபணுவை அறிவித்தார்கள். ஷாங்காய்ப் பன்றிப் பண்ணை ஒன்றின் ஈ.கோலையில் கிடைத்தது. கொலிஸ்டினை முறியடிக்கும் இந்த மரபணு பிளாஸ்மிட் எனும் சின்ன டிஎன்ஏ வளையத்தில் உட்கார்ந்திருந்தது. பாக்டீரியாக்கள் பிளாஸ்மிட்டைப் பக்கத்தில் இருப்பவற்றுக்குக் கைமாற்றிக் கொள்ளும். சொந்த இனமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கோழிக் கிருமியே நம் குடலில் நிரந்தரமாகக் குடியேற வேண்டிய தேவையில்லை. இரண்டு நாள் விருந்தாளியாக வந்து, மரபணுவை நம் கிருமியிடம் கொடுத்துவிட்டுச் செத்துப் போனாலும் போதும். அந்த ஆய்வில் விலங்குகளில் 804இல் 166 மாதிரிகளிலும், பச்சைக் கறியில் 523இல் 78இலும், மருத்துவமனை நோயாளிகளில் 1,322இல் 16இலும் மரபணு இருந்தது. ஊற்று எந்தப் பக்கம் என்று சொல்ல நிபுணர் தேவையில்லை.

சீனா 2017இல் தீவனத்தில் கொலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. குவாங்சோ நகரில் குடலில் எம்சிஆர்-1 சுமப்பவர்கள் 2016இல் 14.3 விழுக்காடு, 2019இல் 6.3. மூன்றே வருஷம். இந்தியா 2019 ஜூலையில் கோழி, கால்நடை, மீன் வளர்ப்பு, தீவனம் எல்லாவற்றுக்கும் கொலிஸ்டினைத் தடை செய்தது. நல்ல காரியம். அந்த நாளிதழ்ச் செய்தியை மாமாவுக்கு அனுப்பினேன். "நமக்குக் குடுக்கற பாக்கெட்டுல என்ன பேரு எழுதியிருக்குன்னு நாம் எங்க பாத்தோம்" என்று பதில் வந்தது.

கோழி மட்டும்தான் குற்றவாளியா?

இவ்வளவும் படித்த பிறகு மாமாவிடம் "உங்களுக்குக் கோழியிலிருந்துதான் வந்தது" என்று அடித்துச் சொல்லியிருக்கலாம். சொல்ல முடியவில்லை. அதற்கும் காரணம் இருக்கிறது.

நெதர்லாந்தில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், பன்றி வளர்ப்பவர்களின் குடும்பங்களில் மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு மசியாத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி தட்டுப்பட ஆரம்பித்தது. மருத்துவமனைகளில் அந்தக் கிருமியைக் கிட்டத்தட்ட துடைத்தெறிந்திருந்த நாடு அது. நாட்டின் பொது மக்களோடு ஒப்பிட்டால் பன்றி விவசாயிகளிடம் அது 760 மடங்குக்கு மேல் இருந்தது என்று 2005இல் எழுதினார்கள். பன்றி கொடுத்த கிருமி என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். 2012இல் மரபணுத் தொகுதியை முழுதாகப் படித்தபோது கதை திரும்பியது. அந்தக் கிருமி ஆதியில் மனிதனுடையது. மருந்துகளுக்கு அடங்குகிற சாதுவாக மனிதனிடமிருந்து பன்றிக்குப் போயிருக்கிறது. பண்ணையில் டெட்ராசைக்ளினுக்கும் மெதிசிலினுக்கும் எதிர்ப்பைச் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. வளர்ப்பவனின் கையிலிருந்து போனது, வளர்ப்பவனின் மூக்குக்கே வந்து சேர்ந்தது.

அதே நாட்டில் 2019இல் இன்னொரு கணக்கும் வெளியானது. மாமாவின் தட்டில் செஃப்ட்ரையாக்சோனை மதிக்காமல் படர்ந்ததே, அந்த வகை ஈ.கோலை பொதுமக்கள் குடலுக்கு எந்த வழியில் வருகிறது என்று பிரித்துப் பார்த்தார்கள். சுமார் 60 விழுக்காடு மனிதரிடமிருந்து மனிதருக்கு. உணவு வழியாக ஏறத்தாழ 19. பண்ணை விலங்குகளோடு நேரடித் தொடர்பு அதைவிடவும் கம்மி. அதுவும் பண்ணையில் வேலை செய்யாத பொதுமக்களுக்கான கணக்கு. கோழிக் கம்பெனிக்காரர்கள் கையில் இந்த எண் கிடைத்தால் போஸ்டர் அடித்து ஒட்டுவார்கள். ஆனால் அதே கட்டுரையில் இன்னொன்றும் உண்டு. விலங்கு, உணவு, சூழல் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மனிதர்களுக்குள் மட்டும் பரவ விட்டால், இந்தக் கிருமி தன்னைத் தானே தக்க வைத்துக்கொள்வது கடினம். குடத்தில் தண்ணீர் பாதிக்கு மேல் வீட்டுக்குள்ளேயே சிந்திப் பரவுகிறது, வாஸ்தவம்; குழாய் திறந்தே இருப்பதும் வாஸ்தவம்.

நெதர்லாந்தின் எண்ணை அப்படியே பல்லடத்துக்குத் தூக்கி வரக் கூடாது. அங்கே மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடைக்காது. கழிவுநீர் வாய்க்காலில் திறந்து ஓடாது. இங்கே மாமாவுக்கு ஜுரம் என்றால் மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு சிப்ரோ வாங்கிப் போட்டுக்கொள்வார். அதற்கு முந்தின வருஷம் ஒரு ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சிறுநீர்க் குழாய் போட்டுப் படுத்திருந்தார். கிருமி அங்கே ஏறியிருக்கலாம். வீட்டில் யாரிடமிருந்தாவது வந்திருக்கலாம். விடியற்காலையில் அத்தை ஷெட்டுக்குள் போய்ச் செத்த கோழிகளை வெறுங்கையால் பொறுக்கி வாளியில் போட்டுக்கொண்டு வருவாரே, அந்தக் கை வழியாகவும் வந்திருக்கலாம். ஒவ்வொரு பேட்ச் முடிந்ததும் தேங்காய் மஞ்சியோடு கலந்த கோழி எருவை லோடு லோடாக அள்ளுகிறார்கள். அதில் ஒரு பங்கு கிணற்றை ஒட்டிய தென்னந்தோப்புக்கே போகிறது. எது என்று அடித்துச் சொல்ல, மாமாவின் கிருமியையும் ஷெட்டின் கிருமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மரபணுவைப் படிக்க வேண்டும்.

இரண்டு ரிப்போர்ட்

ஷெட்டின் ரிப்போர்ட்டும் மாமாவிடம் இருந்தது. முன்பொரு பேட்சில் சாவு கூடியபோது, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் செத்த கோழிகளை எடுத்துப் போயிருக்கிறார். அறுத்துப் பார்த்து, கல்ச்சரும் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பேட்ச் கணக்கு நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தார். ஈ.கோலை. என்ரோஃப்ளாக்சசின் வேலை செய்யாது. டாக்ஸிசைக்ளின் வேலை செய்யாது. நான் அடிக்கிற அதே அட்டவணை, மருந்துக்கு அடங்கும், நடுவாந்தரம், அடங்காது என்பதற்கான அதே S, I, R குறிகள். கோழியின் ஈ.கோலையும் மாமாவின் ஈ.கோலையும் ஒன்றுதான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. இந்த அளவு ஒற்றுமை எந்த ஊர்க் கோழிக்கும் எந்த ஊர் மனிதருக்கும் இருக்கும். எனக்கு உறுத்தியது வேறு. ஒரே காம்பவுண்டுக்குள் இருந்து போன இரண்டு சாம்பிள்கள். ஒன்று மனிதர் பக்கம், ஒன்று கோழி பக்கம். எங்கள் ஆய்வகத்தில் கோழிச் சாம்பிள் வாங்க மாட்டோம், அங்கே மனிதச் சாம்பிள் வாங்க மாட்டார்கள். மாமாவின் டாக்டர் அவரிடம் சர்க்கரை அளவு கேட்டார், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார், என்ன தொழில் என்று கேட்கவில்லை. நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் முதல் வேலையாக அந்தக் கிருமி இருக்கிறதா என்று மூக்கைச் சோதிப்பார்கள், முடிவு வரும்வரை தனி அறை.

டென்மார்க்கில் 1995 முதல் டான்மாப் என்று ஒன்று நடக்கிறது. விலங்குகளுக்கும் மனிதர்களுக்கும் எவ்வளவு மருந்து செலவானது, எந்தக் கிருமி எதற்கு அடங்கவில்லை என்பதை ஒரே அறிக்கைக்குள் போடுகிறார்கள். நம்மிடம் மனிதர்களுக்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் கண்காணிப்பு வலையமைப்பு 2013இலிருந்து இருக்கிறது. கால்நடைக்கும் மீனுக்கும் இன்ஃபார் என்று இன்னொன்று. இரண்டும் உருப்படியான வேலை செய்கின்றன, தனித்தனி அறிக்கையாக. மாமாவின் தண்ணீர்த் தொட்டியில் எத்தனை பாக்கெட் ஏறியது என்பது இரண்டிலும் வராது.

மாமாவுக்கு ஃபாஸ்ஃபோமைசினில் சரியாயிற்று. அத்தைக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தேன். வெயில் காலத்தில் வியர்த்துக் கொட்டுகிறது என்று பாதி நாள் போடுவதில்லை. பாக்கெட்டைப் பல்லால் கடிப்பதை மட்டும் மாமா விட்டுவிட்டார். தண்ணீரில் கலப்பதாவது அவர் கண்ணெதிரே நடக்கிறது. தீவனம் கம்பெனி லாரியில் மூட்டையாக வருகிறது, புரதம் எவ்வளவு, நார் எவ்வளவு என்ற சீட்டோடு. அதில் ஆன்டிபயாட்டிக் ஏதாவது கலந்திருக்கிறதா, கலந்தால் என்ன பெயர், எந்த வயதுக் குஞ்சு வரைக்கும் என்று சூப்பர்வைசரிடம் கேட்கச் சொன்னேன். கேட்டிருக்கிறார். "ஏனுங்ணா, இத்தன வருசத்துல யாருமே இதக் கேட்டதில்லீங்களே, ஆபீஸ்ல கேட்டுச் சொல்றேனுங்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அந்த பேட்ச் பிடித்தாகிவிட்டது. அடுத்த குஞ்சும் இறங்கிவிட்டது. பதில் இன்னும் வரவில்லை.